உப்பில் ஓர் அணுத்துணை

உணவுச் சத்துக்கள் என்றதும் வைட்டமின்களே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. தாதுப் பொருள்களை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. அவற்றுள் அயோடினைப் பற்றி மட்டும் இன்று பேசுவோம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும், ஊசிமுனையளவுதான். அது குறைந்தால் தைராய்டுச் சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலை தோன்றுகிறது. அதனினும் கொடியது, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவதாகும்.

இமயமலைச் சாரலில் மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. அங்கு விளையும் தானியத்திலும் அது மிகக் குறைவு. பேராசிரியர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் காங்கிரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பையும், ஒன்றில் வெறும் உப்பையும் வழங்கச் செய்தனர். ஆறே ஆண்டுகளில் முன்னிரண்டு பகுதிகளின் சிறுவரிடையே கழலை பெரிதும் குறைந்தது; மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பே வழங்கப்பட்டது.

இது மலைநாட்டார் கவலை, கடற்கரைச் சீமையிலிருந்து வந்த நமக்கென்ன என்று தோன்றலாம். ஊருக்குப் போய்த் திரும்புகையில் புளி மிளகாயுடன் உப்பளத்துக் கல்லுப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறோம் அல்லவா? (குழம்புக்கு அதுவே ருசி என்பதை நாமும் மறுக்கவில்லை.) ஆனால் கடலில் விளைந்ததால் அதில் அயோடின் நிறைந்திருக்கும் என்று கருதுவது பிழை. கடல் மீனில் அது உண்டு. உப்பில் மிகச் சொற்பமே. ஆகவே, ‘அயோடின் சேர்த்தது’ என்று அச்சிட்ட பொட்டலத்தையே பார்த்து வாங்குவோம். ஈரம் படாமல் மூடி வைத்து, குழம்பை இறக்கும் தறுவாயில் சேர்ப்போம். வீட்டில் கருவுற்ற பெண் இருப்பின், ஊர்க் கல்லுப்பு ஊறுகாய்ச் சாடியோடு நிற்கட்டும்.