எல்லாம் பொதுவானால் எனக்கென்று என்ன இருக்கும்?

(சிதம்பரத்தில் இளைஞர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிஞ்சதும் ஒரு தம்பி கேட்டாரு: "கம்யூனிச சமூகத்துல எல்லாமே பொதுன்னா, எனக்குன்னு என்ன இருக்கும்? நான் எதுக்காக வாழணும், எதுக்காக நல்லவனா இருக்கணும்?" நியாயமான கேள்வி. முழக்கம் போட்டு இதைக் கடந்து போக முடியாது.

முதல்ல இன்னைய நிலைமையைப் பாருங்க. கடலூர் சிப்காட்டிலோ நெய்வேலியிலோ ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிற ஒருத்தர்கிட்ட வாழ்க்கையின் நோக்கம் என்னன்னு கேளுங்க. பிள்ளை படிப்பு, வீட்டு வாடகை, வட்டி என்பார். அவருக்குப் பாட வருமா, மரத்துல சிற்பம் செதுக்க வருமா? அவருக்கே தெரியாது. தெரிஞ்சுக்க நேரம் கிடைச்சாத்தானே? 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்து எழுதிய மார்க்ஸ், உழைப்பு வெறும் பிழைப்பு வழியாக இல்லாமல் மனிதனின் முதன்மைத் தேவையாகவே மாறும் காலத்தைப் பற்றிப் பேசினார். தம்பி கேட்ட அந்த 'எனக்குன்னு' அங்கேதான் ஆரம்பிக்குது.

சரி, அறம்? நம்ம மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. 1867இல் வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையலை. கடவுள் விஷயத்தில் நமக்கு அவரோடு கருத்து வேறுபாடு இருக்கலாம். பசியை முதல் பிரச்சினையாகப் பார்த்தாரே, அதில் இல்லை. ஆனா பசியே இல்லாத ஊர்ல கருணைக்கு என்ன வேலை? நிறைய இருக்கு. நோயும் முதுமையும் பிரிவும் எந்தச் சமூகத்திலும் இருக்கும். கொடுக்கிறவர் மேலே, வாங்குறவர் கீழே என்றில்லாமல் பக்கத்துல உட்கார அப்போதான் முடியும்.

இதுல ஒரு எச்சரிக்கையும் வேணும். 1935இல் ஸ்டகானோவ் என்ற சுரங்கத் தொழிலாளியை சோவியத் நாடு முன்மாதிரியாக்கியது. அதைக் காட்டியே மற்றவர்களின் உற்பத்தி இலக்கையும் உயர்த்தினார்கள். நல்ல குணத்தை மேலிருந்து உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. நம்ம ஆட்களே இதை ஒத்துக்கத் தயங்குறது எனக்குப் பிடிக்கிறதில்லை.

தோழர் என்.சங்கரய்யாவைப் பாருங்க. 1941இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர். இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த கைதை அங்கே கண்டிச்சதுக்காக அவரையும் கைது செய்தாங்க. பி.ஏ. இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் பாக்கி. அந்தத் தேர்வை அவர் எழுதவே இல்லை. மொத்தம் எட்டு வருஷம் சிறை. 2021இல் 'தகைசால் தமிழர்' விருதோடு வந்த 10 லட்சத்தையும் அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்தார். நூறு வயதைத் தாண்டி 2023 நவம்பரில் மறைந்தார்.

இதைத் தியாகம்னு சொல்லி மாலை போட்டுட்டுப் போயிடுறோம். எனக்கு உடன்பாடில்லை. சிதம்பரத்து மாணவருக்கு நடந்தது தனக்கு நடந்ததுன்னு அவர் நினைச்சார். அதுல அவர் தன்னைத் தொலைக்கலை. தான் யாருன்னு கண்டுபிடிச்சார்.

கேள்வி கேட்ட தம்பிக்கு இப்போ என் கேள்வி. வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை, வேலை போயிடுமோங்கிற பயமும் இல்லை. அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில நீங்க எழுந்து என்ன செய்வீங்க? மத்தவங்களும் கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த கூட்டத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.