கத்தரிக்காய்க் காம்பு



கம்பத்திலும் போடியிலும் விடியுமுன்னே ஜீப் சத்தம் கேட்கும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் மலையேறுகிற வண்டிகள். அந்த ஜீப் வருவதற்குள் அவர்கள் வீட்டில் ஒரு நாள் வேலையை முடித்திருப்பார்கள். தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, தங்களுக்கும் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள்.

அந்த நேரத்து அடுப்படிகளை நினைத்தால் எனக்கு ரமணாசிரமத்து அடுப்படி ஞாபகம் வரும்.

ரமண மகரிஷி நம் பாண்டிநாட்டுப் பிள்ளை. திருச்சுழியில் பிறந்து, மதுரையில் படித்துக்கொண்டிருந்தவர், 1896இல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். 1916இல் தாயார் அழகம்மாள் மகனோடு வந்து தங்கி, மலைமேல் கந்தாசிரமத்தில் சமைக்கத் தொடங்கினார். 1922இல் அவர் மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. வருகிறவர்கள் பெருகினார்கள், பந்தியும் நீண்டது.

அத்தனை பேரும் கும்பிட்ட அந்த மனிதர், பல ஆண்டுகள் இருட்டோடு எழுந்து சமையலறைக்கு வந்தார். காய் நறுக்கினார். சட்னி அரைத்தார். கூடச் சமைத்த பெண்களுக்குப் பக்குவம் சொல்லிக்கொடுத்தார்.

அவர்களில் ஒருவரான சம்பூர்ணம்மாள் சொன்ன சம்பவம் இது. ஒருமுறை ஆசிரமத்துக்குக் கத்தரிக்காய் ஏராளமாக வந்து, தினமும் கத்தரிக்காய்ச் சமையல். காம்புகள் மூலையில் குவிந்துவிட்டன. அதையும் கறி வையுங்கள் என்றார் ரமணர். காம்பு லேசில் வேகுமா? மணிக்கணக்காக அடுப்பில் கிடந்ததாம்.

கஞ்சத்தனம் என்று தோன்றலாம். ஆனால் தரையில் சிந்திய அரிசியையும் குனிந்து பொறுக்கியவர் அவர். நாற்று நட்ட கைக்கும் திராட்சைக் குலையில் பிஞ்சு கழித்த கைக்கும் அதன் அர்த்தம் புரியும். ஒரு அரிசிமணிக்குப் பின்னால் எத்தனை பேர் முதுகு வளைந்திருக்கிறது என்பது நம் பள்ளத்தாக்குக்குத் தெரியாததா?

பந்தியிலும் அவர் கறார். தன் இலையில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுவதை அவர் ஏற்கமாட்டார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அடுப்படி வேலையும் ஒரு தவம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வராது. ரமணர் அந்த வேலையை விரும்பி எடுத்துக்கொண்டார். ஜீப்புக்கு நிற்கிற பெண்ணுக்கு வேறு வழியில்லை. இரண்டும் ஒன்றாகாது. அந்த அடுப்படி பாடம் சொல்வது, இலைக்கு முன்னால் உட்கார்ந்தே பழகிய நமக்குத்தான். பெரியவர் என்று எல்லோரும் வணங்கிய ஒருவர் அரிவாள்மனையைத் தேடி வந்தார். நம் வீட்டில் அது எட்டாத தூரத்திலா இருக்கிறது?

நாளை விடியற்காலை ஜீப் சத்தம் காதில் விழும்போது புரண்டு படுக்காதீர்கள். எழுந்துபோய் வீட்டுப் பெண்களின் கையிலிருக்கும் காயை வாங்கி நறுக்குங்கள். முதல் நாள் கோணல்மாணலாகத்தான் வரும். பரவாயில்லை, மறுநாளும் நறுக்குங்கள்.