குளோவர்ப் பூவும் தேனீயின் நாக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூசிலாந்திற் குடியேறிய ஆங்கிலக் கமக்காரர், ஆடுமாடுகளின் தீனிக்கெனச் சிவப்புக் குளோவர் என்னும் பயிரை விதைத்தனர். அவரையினத்தைச் சேர்ந்தது அது. பயிர் செழித்து வளர்ந்தது, பூத்தும் குலுங்கியது. வித்து மாத்திரம் மிக அரிதாகவே விளைந்தது. ஆதலின், வித்தைக் கடல்கடந்து இங்கிலாந்திலிருந்தே பணங்கொடுத்துத் தருவிக்க நேர்ந்தது. தேனீ இல்லாத குறையோ என்றால், அதுவுமன்று. கூட்டில் வளர்க்கும் தேனீ 1839ஆம் ஆண்டிலேயே அங்கு வந்துவிட்டது.

விடை பூவின் அமைப்பில் இருந்தது. குளோவரின் ஒவ்வொரு சிறு பூவும் ஓர் ஒடுங்கிய குழல். அதன் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். தேன் அடியிலே கிடக்கும். வளர்ப்புத் தேனீயின் நாக்கோ 6 அல்லது 7 மில்லிமீற்றர் நீளமே. தேன் என்பது பூ கொடுக்கும் கூலி. கூலி எட்டாத இடத்தில் வேலையாள் நிலைப்பானா? இச்செடியோ தன் மகரந்தத்தால் வித்துக் கொள்ளாது. பிறிதொரு செடியின் மகரந்தத்தை யாரேனும் சுமந்துவர வேண்டும்.

இங்கிலாந்தில் அவ்வேலையைச் செய்தது, உடலெங்கும் மயிரடர்ந்து பருத்த பம்பிள் என்னும் நீள்நாக்குத் தேனீ. சார்ல்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இதனை எடுத்துக்காட்டினார். பிற்பதிப்பிலே தம் சோதனையையும் சேர்த்தார்: பூச்சிகள் நாடிய 100 குளோவர்ப் பூந்தலைகள் 2,700 வித்துகளைத் தந்தன, பூச்சி அணுகாது மூடிவைத்த 100 தலைகள் ஒரு வித்தேனும் தரவில்லை.

1885இல் பம்பிள் இராணிகள் கப்பலேறின. வெப்பமண்டலக் கடலைக் கடக்கையில் அவற்றின் குளிர்காலத் துயில் கலைந்துவிடாதபடி, குளிரறையிலே வைத்துக் கொணர்ந்தனர். கன்ரபெரிப் பகுதியில் விடுவிக்கப்பட்ட அவை சில ஆண்டுகளில் எங்கும் பரவின. குளோவரும் வித்துக் கொண்டது.

வந்தவை யாவும் ஒரே குணத்தன அல்ல. நிலைத்த நான்கு இனங்களுள் ஒன்று குறுநாக்குடையது. அது பூக்குழலின் அடியைக் கடித்துத் துளையிட்டு, மகரந்தத்தைத் தீண்டாமலே தேனைக் கவர்ந்துவிடும். வளர்ப்புத் தேனீயும் பின்னர் அத்துளையிற் பங்கு கொள்ளும். ஆகவே பூவில் தேனீ மொய்ப்பதைக் கண்டு மாத்திரம் விளைச்சலைக் கணக்கிடுதல் ஆகாது.

அந்நான்கினுள் மற்றொன்றான குறுமயிர்ப் பம்பிள், பூ நிறைந்த புற்றரைகள் குன்றியமையால், 1988இன் பின் இங்கிலாந்திற் காணப்படவில்லை. 2000இல் அங்கு அழிந்ததென அறிவிக்கப்பட்டது. அன்று கப்பலேறியவற்றின் சந்ததி நியூசிலாந்தில் எஞ்சியிருக்கின்றது.