பழைய ஏட்டைப் படிப்பவர்க்கு வேலை உண்டா?

(ஜூபிலி விழாவின் இளையோர் மாலையில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



மேற்படிப்பும் வேலைவாய்ப்பும் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நம் இளையோர் இயக்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பொறியியல், கணினி, செவிலியர் படிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இந்தப் பந்தலிலேயே பலர் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே, யாரும் பேசாத ஒரு படிப்பைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும் பங்குமனைக்கு வந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை வரலாற்றில் பி.ஏ. முடித்தவள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 'இடைக்கால ஆய்வு' என்னும் எம்.ஏ. வகுப்பில் சேர அவளுக்கு அனுமதிக் கடிதம் வந்திருந்தது. தகப்பனார் கடிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "சாமி, இதைப் படிச்சா புள்ள எந்த ஆபீஸ்ல போய் உக்காரும்? வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சுப் பணம் கட்டலாமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான்" என்றார்.

'வேண்டாம்' என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதைத் தடுத்தது என் மேசைமேல் திறந்து கிடந்த ஒரு பழைய புத்தகம். அது நம் பங்கின் முதல் ஞானஸ்நானப் பதிவேடு.

ஜூபிலி மலருக்குப் பங்கு வரலாறு எழுதுவதற்காக அதை எடுத்து வைத்திருந்தேன். அக்காலத்துப் பிரெஞ்சுக் குருவானவர் இலத்தீனில், சுருக்கெழுத்துகளோடு எழுதிய ஏடு அது. குருமடத்தில் இலத்தீன் பயின்றவன்தான் நான். ஆயினும் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அப்போதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. நமது நூற்றாண்டு மலரில், ஒரு குறிப்பிட்ட தெருவின் குடும்பங்கள் மற்றவர்களுக்கு ஆறு ஆண்டுகள் பிந்தித்தான் திருமறையில் சேர்ந்தன என அச்சாகியிருக்கிறது. உங்களில் பலருக்கு அது தெரியும். அதை வைத்து எழுந்த மனத்தாங்கல்களும் தெரியும். ஆனால் பதிவேட்டில் அப்படி இல்லை. அந்தக் குருவானவர் 1 என்ற எண்ணைத் தலையில் நீண்ட கோடு இழுத்து எழுதுவார். நம் கண்ணுக்கு அது 7 போலத் தெரியும். அவருடைய 7-க்கோ நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். மலர் எழுதியவர் 1-ஐ 7 என்று படித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது! ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததால் ஒரு தெருவின் மக்கள் ஐம்பது ஆண்டுகள் 'பின்னால் வந்தவர்கள்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மலரில் அதைத் திருத்தியிருக்கிறோம்.

பழைய எழுத்தைப் பிழையின்றிப் படிப்பது வீண் வேலை என்று அன்று மாலை என்னால் சொல்ல முடியவில்லை. "இரண்டு வாரம் தவணை கொடுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த விசாரணையின் பயனைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, இந்தப் படிப்பு யாது? ஏறக்குறைய கி.பி. 500 முதல் 1500 வரையுள்ள ஆயிரம் ஆண்டுக் காலத்து ஐரோப்பாவையும் அதைச் சூழ்ந்த நாடுகளையும் பற்றியது. வரலாறு, இலக்கியம், கலை, சட்டம், இறையியல் யாவற்றையும் ஒருசேரப் பயில்வது. இலத்தீனும், பழைய கையெழுத்தைப் படிக்கும் கலையும் அதன் இரு கைகள். துறவு மடங்கள் சுவடிகளைப் படியெடுத்துக் காத்ததும், பொலோஞ்ஞா, பாரிஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்கள் எழுந்ததும், புனித அக்குவீனாஸ் தோமையார் போதித்ததும் அக்காலத்தில்தான். எனவே இது நம் திருச்சபையின் வீட்டுச் செய்தியே. கனடாவில் டொரான்டோ நகரில் 1929-ஆம் ஆண்டு பசீலியார் சபைக் குருக்களும் எத்தியேன் ஜில்சோன் என்னும் பேரறிஞரும் இதற்கென ஒரு நிலையம் தொடங்கினார்கள். 1939-இல் அதற்குப் பாப்பிறை நிலையம் என்ற தகுதி கிடைத்தது. அமெரிக்காவின் நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1946-இல் ஒரு நிலையம் எழுந்தது. இங்கிலாந்தில் யார்க், லீட்ஸ் ஆகிய பல்கலைக்கழகங்களில் இந்த எம்.ஏ. உண்டு, அந்நாட்டில் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு.

இரண்டாவது, தகப்பனார் கேட்ட கேள்வி: என்ன வேலை? மறைக்காமல் சொல்லுகிறேன். மருத்துவம் படித்தவர் மருத்துவர் ஆவதுபோல, இதைப் படித்தவருக்கென்று பெயர் எழுதி வைத்த நாற்காலி எதுவும் இல்லை. பேராசிரியர் ஆகலாமே என்பீர்கள். அதற்கு எம்.ஏ. போதாது, முனைவர் பட்டம் வேண்டும், மேலும் பல ஆண்டுகள் செல்லும். 2008-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் அமெரிக்காவில் வரலாற்றுத் துறை ஆசிரியப் பணியிடங்கள் குறைந்தன. மறுபடி பழைய நிலைக்கு வரவில்லை. பட்டம் பெற்றோர் பலர், இடங்களோ சில. இந்த ஒரே வழியை நம்பி வீட்டை அடகு வைப்பது விவேகம் அன்று.

அப்படியானால் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? முதல் வழி ஆவணக் காப்பகமும் நூலகமும். பிரான்சு நாட்டில் 1821-இலேயே இதற்கென ஒரு கல்லூரியை அரசே நிறுவியது. 'எக்கோல் தே ஷார்த்' என்பது அதன் பெயர். போட்டித் தேர்வில் வென்று நுழையும் ஐரோப்பிய மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே அரசு ஊதியம் உண்டு. அது நம் பிள்ளைகளுக்குக் கிட்டாது. ஆயினும் ஓர் அரசு இக்கலையை எவ்வளவு மதித்தது என்பதற்குச் சான்று. உரோமையில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1881-இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டு, 1884-இல் அங்கேயே பழைய எழுத்தைக் கற்பிக்கும் பள்ளியையும் ஏற்படுத்தினார். அக்காப்பகத்தின் அடுக்குகளை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய 85 கிலோமீட்டர் நீளும் என்கிறார்கள்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் காப்பாளராக வேண்டுமானால் பொதுவாக ஆவணக் காப்பில் தனிப் பட்டயம் கேட்பார்கள். இலண்டன், லிவர்பூல் போன்ற இடங்களில் அது கற்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் நூலகப் பணிக்கு நூலகவியல் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். இடைக்கால ஆய்வுப் பட்டம் ஒரு கால்; இந்தத் தொழிற்பட்டயம் மறு கால். இரண்டும் இருந்தால்தான் நடக்க முடியும்.

இரண்டாம் வழி அகராதியும் பதிப்புத் துறையும். டோல்கியன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் கதைகளைத் திரைப்படமாகப் பார்த்திருப்பீர்கள். அவர் நம் கத்தோலிக்கர். சிறு வயதிலேயே தந்தையையும், 1904-இல் தாயையும் இழந்த அந்தப் பிள்ளையைப் பாதுகாவலராக இருந்து படிக்க வைத்தவர் பிரான்சிஸ் மார்கன் என்னும் ஒரு குருவானவர். பழைய ஆங்கில மொழிகளைக் கற்ற டோல்கியனுக்கு முதல் உலகப் போர் முடிந்தபின் கிடைத்த முதல் உத்தியோகம், 1919-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் சொற்களின் பிறப்பைத் தேடி எழுதுவது. அடுத்த ஆண்டே லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இத்தாலியரான உம்பெர்த்தோ எக்கோ, அக்குவீனாஸ் தோமையாரின் அழகியல் பற்றி ஆய்வுரை எழுதி 1954-இல் தூரின் நகரில் பட்டம் பெற்றார். அவர் போய் அமர்ந்தது வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தில். 1959-இல் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். 1980-இல் துறவு மடத்தைக் களமாக வைத்து எழுதிய நாவலால் உலகப் புகழ் பெற்றார். அவர் விசுவாசத்தை விட்டு விலகியவர். ஆயினும் கற்ற கல்வி அவரை விட்டு விலகவில்லை.

மூன்றாம் வழி அருங்காட்சியகமும் சுவடி வாணிகமும். கிறிஸ்டோபர் டி ஹாமல் என்பவர் 12-ஆம் நூற்றாண்டுச் சுவடிகளை ஆய்ந்து ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் 1975 முதல் 25 ஆண்டுகள் சதபீஸ் என்ற ஏல நிறுவனத்தில் சுவடிகளை மதிப்பிடும் வேலை பார்த்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் சுவடி நூலகராகி, 6-ஆம் நூற்றாண்டு நற்செய்திச் சுவடி ஒன்றுக்கும் காவலர் ஆனார். புனித அகுஸ்தீனார் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றது எனப் பாரம்பரியம் கூறும் சுவடி அது.

நான்காம் வழி நம் காலத்தில் விரிந்தது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோந்தே கசினோ மடம் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. அதன் சுவடிகள் முன்னதாகவே உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டதால் பிழைத்தன. இப்படிப்பட்ட அழிவு மீண்டும் வந்தால் என்ன செய்வது என்று அஞ்சிய அமெரிக்க ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள், மினசோட்டா மாநிலத்திலுள்ள தங்கள் மடத்தின் சார்பில் 1965 முதல் ஐரோப்பிய மடங்களின் சுவடிகளைப் படச்சுருளில் பதிவு செய்தார்கள். பிறகு அப்பணி எத்தியோப்பியா, சிரியா, ஈராக், நம் அண்டை மாநிலமான கேரளம் வரை விரிந்தது. ஈராக்கில் மோசூல் நகரத்துச் சாமிநாதர் சபைக் குரு நஜீப் மிக்காயேல், 2014-இல் தீவிரவாதிகள் நெருங்கி வந்தபோது சுவடிகளை வண்டியில் ஏற்றிக் காப்பாற்றினார். 2019-இல் அவரே மோசூலின் பேராயரானார். படம் எடுத்துவிட்டால் போதுமா? எந்தச் சுவடி, எந்தக் காலம், யார் எழுத்து என்று பட்டியல் இட ஆள் வேண்டும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கணினி முறை இன்று பழைய கையெழுத்தைத் தானே வாசிக்கிறது. அதற்கும் முதலில் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் பல பக்கங்களைப் பிழையின்றிப் பெயர்த்து எழுதிப் பழக்க வேண்டியிருக்கிறது. கணினியும் இலத்தீனும் சேர்ந்து தெரிந்தவர்களுக்கு இங்கே இடம் உண்டு.

திருச்சபைக்குள்ளும் பணி உண்டு. ஒருவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் விசாரணையில், வரலாறும் ஆவணமும் அறிந்தவர்கள் குறைந்தது மூவராவது இருக்க வேண்டும் என 2007-ஆம் ஆண்டின் உரோமை விதிமுறை கூறுகிறது. ஆனால் இதை மாதச் சம்பள உத்தியோகம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவ்வப்போது வரும் ஊழியம் அது.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டபின் தகப்பனாரையும் மகளையும் அழைத்து நான் சொன்னவை இவை:

ஒன்று, வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். உதவித்தொகை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். இரண்டு, சென்ற மூன்று ஆண்டுகளில் இப்படிப்பை முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள் என்று அந்தத் துறைக்கே கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். அங்கே தங்கி வேலை செய்யும் விதிகள் அடிக்கடி மாறுவதால், தரகர் பேச்சை நம்பாமல் அந்நாட்டு அரசின் அறிவிப்பையே பார்க்க வேண்டும். மூன்று, நூலகவியலோ ஆவணக் காப்போ ஒரு தொழிற்பட்டயம் கையில் இருக்க வேண்டும். நான்கு, போவதற்கு முன்பே இலத்தீன் தொடங்க வேண்டும். ஐந்து, முனைவர் பட்டம் என்ற ஆசை எழுந்தால், முழுச் செலவையும் பல்கலைக்கழகம் ஏற்றால் மட்டுமே சேர வேண்டும்.

தகப்பனார் பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா, ஏமாற்றமா என எனக்கு விளங்கவில்லை. மகள் அழுதாள்; அதையும் மறைக்கவில்லை. மறுவாரம் அவளே திரும்பி வந்து, பல்கலைக்கழகம் தன் இடத்தை ஓராண்டு தள்ளி வைக்க இசைந்திருக்கிறது என்றாள். இவ்வாண்டு இங்கே நூலகவியல் படிக்கிறாள். வாரம் இரண்டு நாள் காலைத் திருப்பலிக்குப்பின் பங்குமனைத் திண்ணையில் என்னிடம் இலத்தீன் கற்கிறாள். என் இலத்தீனுக்கும் துரு நீங்குகிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது; பதில் இன்னும் வரவில்லை. உங்கள் செபத்தில் அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை விரும்பும் படிப்பின் பெயர் உங்களுக்குப் புரியவில்லை என்பதற்காக உடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். அதே சமயம் விசாரிக்காமல் கடன்பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். இளைஞர்களே, உங்கள் ஆசைக்கு உங்கள் பெற்றோரின் முதுமைக்காலச் சோற்றைப் பணயம் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பதிவேடுகள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. ஜூபிலி முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, படித்து, பட்டியலிட எண்ணியிருக்கிறேன். கைகொடுக்க முன்வருபவர்கள், எந்தத் தெருவாராயினும், ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் பங்குமனைக்கு வாருங்கள். அந்தப் பிள்ளையும் அங்கே இருப்பாள்.

நம் அன்னை மரியாளின் பரிந்துரையால் இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக! வணக்கம்.