கெட்ட செய்தி மேலே வர எத்தனை நாள்?



பவுண்டரி, லேத், பம்ப்செட், பிரஸ் ஷாப் என்று பல தொழில்களைக் கட்டிக்காக்கும் முதலாளிகளின் இந்தச் சங்கத்தில், நல்ல தலைமை ஒரு தொழிலை எப்படி வலுப்படுத்தும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு சிங்கத்தையும் ஒரு கழுகையும் கூட்டிக்கொண்டு மேடை ஏறுவார்கள். நான் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்னோடு வந்திருப்பவர் ஒரு மனிதர். அமெரிக்க அரசாங்கத்தில் பட்ஜெட் கணக்குப் பார்த்து வளர்ந்தவர், பிறகு ஒரு காகித நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர். பெயர் பால் ஓ'நீல்.

1987ஆம் ஆண்டு அவரை அல்கோவா நிறுவனத்தின் தலைவராக்கினார்கள். அல்கோவா என்றால் அலுமினியம். 1888இல் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கிய கம்பெனி அது. நூறு வயதை எட்டும் நேரத்தில் சரக்கின் தரம் பற்றிப் புகார், நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஆகாது, முதலீட்டாளர்களுக்கோ பொறுமை இல்லை. புதுத் தலைவர் வந்து என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க, அந்த அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு கூட்டம். பங்குச் சந்தையின் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனிதர் எழுந்தார். லாபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் ஆலைகளில் ஆட்களுக்கு அடிபடுகிறது, அதை நான் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் போகிறேன் என்றார். அத்தோடு நிற்கவில்லை. இந்த மண்டபத்தில் தீப்பிடித்தால் வெளியேறும் கதவுகள் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்! ஒருவர் சரக்கு இருப்பைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் மூலதனக் கணக்கைப் பற்றிக் கேட்டார். இரண்டு பேருக்கும் பாதுகாப்பைப் பற்றித்தான் பதில் கிடைத்தது. கேட்டவர்களில் ஒரு முதலீட்டு ஆலோசகர் வெளியே ஓடி, இந்த ஆள் கம்பெனியைக் கவிழ்த்துவிடுவான், பங்கை விற்றுவிடுங்கள் என்று தன் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டதாக சார்லஸ் டூஹிக் என்ற பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். தன் வாழ்நாளில் சொன்ன மிக மோசமான யோசனை அதுதான் என்று அந்த ஆலோசகரே பின்னாளில் ஒப்புக்கொண்டாராம்.

இத்தனைக்கும் அல்கோவா மோசமான ஆலை இல்லை. காய்ச்சிய அலுமினியம் 660 டிகிரிக்கு மேல் உருகி ஓடுகிற இடம். அப்படியிருந்தும் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் சராசரியைவிட அங்கே விபத்து குறைவு. "நாமதான் ஏற்கெனவே நல்லா இருக்கோமே" என்று சொல்ல அவர்களிடம் புள்ளிவிவரம் இருந்தது. பிறகு ஏன் இவர் அதையே பிடித்துக்கொண்டார்? என் கணக்கு இது. உற்பத்தியைக் கூட்டு என்றால் தொழிற்சங்கம் முறைக்கும். கூலியைக் கூட்டு என்றால் நிர்வாகம் முறைக்கும். ஒருவனுடைய விரல் போகக் கூடாது என்றால் அதை எதிர்த்து எவன் வாய் திறப்பான்?

இனி அவர் போட்ட உத்தரவைக் கேளுங்கள். உலகத்தில் எந்த அல்கோவா ஆலையில் யாருக்கு அடிபட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் ஓ'நீலிடம் நேராகச் சொல்ல வேண்டும். அடிபட்டது என்று சொன்னால் மட்டும் போதாது. மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதும் கையோடு வர வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன உத்தரவு. ஆனால் அது கீழே இறங்கும்போது என்ன செய்கிறது, பாருங்கள். தலைவருக்கு ஒரு நாளில் சொல்ல வேண்டுமானால் பிரிவுத் தலைவருக்கு அரை நாளில் தெரிந்தாக வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டுமானால் ஆலை மேனேஜர் ஒரு மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். மேனேஜருக்குச் சொல்ல, சூப்பர்வைசர் அந்த நிமிடமே ஓடி வர வேண்டும். சூப்பர்வைசர் காதில் போட, மெஷினில் நிற்கிறவனுக்குப் பயம் போயிருக்க வேண்டும். பரிகாரமும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே! அதை யாரிடம் கேட்பது? அந்த மெஷினில் தினம் நிற்கிறவனிடம்தான் கேட்டாக வேண்டும். ஆக, மேலிருந்து கீழே மட்டும் பேச்சு வந்துகொண்டிருந்த ஒரு கம்பெனியில் கீழிருந்து மேலே பேச்சு ஏற ஆரம்பித்தது. வழி திறந்துவிட்டால் அதில் விபத்துச் செய்தி மட்டுமா ஏறும்?

ஓர் ஆலையில் கீழ்மட்டத் தொழிலாளி ஒருவருக்குப் பல வருஷமாக ஒரு யோசனை. பெயின்ட் அடிக்கும் மெஷின்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், கேட்கிற நிறத்துக்குச் சட்டென்று மாறலாம். இவ்வளவுதான். சொல்ல ஆள் இல்லை, கேட்க ஆளும் இல்லை. புது வழக்கம் வந்த பிறகு மேனேஜரிடம் சொன்னார். ஒரு வருஷத்துக்குள் அந்தச் சரக்கில் லாபம் இரட்டிப்பானது என்று அதே டூஹிக் எழுதுகிறார். அந்த யோசனைக்கு அல்கோவா ஆலோசனைக் கட்டணம் ஒரு பைசா கட்டவில்லை. ஏற்கெனவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த தலைக்குள்தான் அது இருந்தது!

ஓ'நீல் வந்து சில மாதங்களில் அரிசோனா ஆலையில் ஓர் இளைஞர் இறந்துபோனார். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான். மெஷின் அடைத்துக்கொண்டது. தடுப்பைத் தாண்டி உள்ளே போய் அடைப்பை எடுத்தார், மெஷின் திரும்ப ஓடியது, தலையில் அடி. நம் ஊரில் இப்படி நடந்தால் முதல் வாக்கியம் என்ன? "அவன் ஏன் உள்ளே போனான்?" தப்பு செத்தவன் தலையில்! ஓ'நீல் மேலதிகாரிகளை எல்லாம் கூட்டி, இவரைக் கொன்றது நாம், முதல் குற்றவாளி தலைமையில் இருக்கும் நான் என்றார். அந்த மெஷினை அப்படி விட்டது யார், நின்றால் நஷ்டம் என்று அந்தப் பையனுக்குப் பழக்கிவிட்டது யார் என்று சங்கிலியை மேல்நோக்கி இழுத்தார். சங்கிலியின் முனை அவருடைய நாற்காலியில்தான் வந்து முடிந்தது.

இன்னொன்று செய்தார், இதை உங்கள் ஆடிட்டர்கள் காதில் விழும்படி சொல்கிறேன். பாதுகாப்பால் எவ்வளவு பணம் மிச்சம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது என்று நிதிப் பிரிவுக்குத் தடை போட்டார். ஏன்? லாபத்துக்காகத்தான் நம் கையைக் காப்பாற்றுகிறார்கள் என்று தொழிலாளி நினைத்த அன்றே எல்லாம் முடிந்துபோகும்.

சரி, கம்பெனி கவிழ்ந்ததா? நூறு பேருக்கு 1.86 என்றிருந்த, வேலை நாளை இழக்க வைக்கும் காயங்கள், அவர் விடைபெற்ற 2000ஆம் ஆண்டில் 0.2 ஆகியிருந்தன. கம்பெனியின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 300 கோடி டாலரிலிருந்து 2,700 கோடி டாலரைத் தாண்டியது. இதெல்லாம் கைக்கவசத்தாலும் ஹெல்மெட்டாலும் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பங்குச் சந்தையே ஏறியது. அல்கோவா வேறு பெரிய கம்பெனிகளை வாங்கிச் சேர்த்தது. சோவியத் யூனியன் உடைந்து ரஷ்ய அலுமினியம் சந்தையில் கொட்டியபோது, நாடுகள் கூடி உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று வாஷிங்டனில் போய் வாதாடியவரும் இதே ஓ'நீல்தான். அதை இன்றுவரை குறை சொல்கிற பொருளாதார நிபுணர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதில் சம்மதமில்லை. ஆனால் விலை விழுந்தாலும் ஏறினாலும் அந்தக் கம்பெனி தள்ளாடாமல் நின்றதற்கு, உள்ளே நடப்பது தலைமைக்கு அன்றன்றே தெரிந்தது ஒரு பெரிய காரணம். அதை அடித்துச் சொல்வேன்.

தலைமைக்கு உண்மையான பரீட்சை 1996இல் வந்தது. பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் கன்னியாஸ்திரி எழுந்து, உங்கள் மெக்சிகோ ஆலையில் புகை தாக்கித் தொழிலாளர்கள் நோயில் விழுகிறார்கள் என்றார். ஓ'நீல் முதலில் மறுத்தார், என்னிடம் வந்த கணக்கில் அப்படி இல்லையே என்று. பிறகு ஆள் அனுப்பி விசாரித்தார். அம்மையார் சொன்னது நிஜம். அந்தப் பிரிவின் தலைவர் கோளாறைச் சரி செய்திருந்தார். மேலே மட்டும் சொல்லவில்லை. அவர் சாதாரண ஆள் இல்லை, பிரிவை வளர்த்துக் காட்டியவர், எல்லோருக்கும் பிடித்தவர். அவரை வேலையிலிருந்து நீக்கினார் ஓ'நீல். கோளாறுக்காக இல்லை, மறைத்ததற்காக. சுவரில் எழுதிய கொள்கைக்காக லாபம் தருகிற கையையும் விடத் தயாரா என்று ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

இடையில் ஒரு வேடிக்கை. பிற்பாடு அவர் அமெரிக்காவின் நிதியமைச்சரானார். வரியை இன்னும் குறைத்தால் கஜானா தாங்காது என்று தன் மேலிடத்துக்குக் கெட்ட செய்தி சொன்னார். 2002 டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

நம் கதைக்கு வருவோம். திருவள்ளுவர் அரசனுக்குச் செய்தி வர வேண்டும் என்பதற்காக ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். நம் முதலாளிமார்கள் அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் சரியாகப் படித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு ஒற்றன் உண்டு. யார் டீக்கடையில் அதிக நேரம் நின்றான், யார் பக்கத்துக் கம்பெனியில் வேலை கேட்டான் என்று ராத்திரி போன் வந்துவிடும். ஆனால் பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டனில் ஒன்றைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுகிறானே, அந்தச் செய்தி வருகிறதா? வராது. ஏனென்றால் பீஸ் ரேட் போட்டது நாம். கட்டினால்தான் அவனுக்குக் கூலி கட்டுப்படியாகும் என்பது சூப்பர்வைசருக்கும் தெரியும். விரல் போன பிறகு ஆஸ்பத்திரியில் "வீட்டில் கதவிடுக்கில் மாட்டியது" என்று எழுதச் சொல்வதும் இந்தச் சபைக்குப் புதிய கதை இல்லை. யாரையும் குத்திக்காட்டவில்லை. சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்!

அதனால் ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஜி.எஸ்.டி., மின்கட்டணம் எல்லாம் பேசுவதற்கு முன்னால் முதல் பத்து நிமிடம் இதற்கு. அந்த மாதம் தன் ஆலையில் நடந்த ஒரு விபத்தை, அல்லது மயிரிழையில் தப்பியதை, முதலாளியே தன் வாயால் சொல்ல வேண்டும். மேனேஜரை அனுப்பக் கூடாது. அடிபட்டவர் பெயர் வேண்டாம். என்ன மாற்றினோம் என்பதும் சேர்ந்து வர வேண்டும். சட்டப்படி அரசுக்குச் சொல்ல வேண்டியதும் இ.எஸ்.ஐ.க்கு எழுத வேண்டியதும் தனி. அதற்கு இது ஈடாகாது. அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, தம் ஆலையிலிருந்து ஒன்றைச் சொல்லித் தொடங்கிவைக்கும்படி அவைத் தலைவர் அவர்களை இந்த மேடையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன்.