மனச்சோர்வும் அதன் வகைகளும்

(பழங்காநத்தத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தில் கல்வி, தொழில், சிக்கனம், திருமணச் செலவு முதலிய பொருள்கள்பற்றிப் பலர் பேசியுள்ளனர். உள்ளத்து நோய்பற்றி ஒருவரும் வாய்திறந்திலர். அந்நோய் நம்மவரிடை இன்மையால் வந்த மௌனமன்று அது. வெளியிற் சொன்னால் பெண்ணுக்கு வரன் வாராது, பிள்ளைக்குப் பெண் கொடார் என்னும் அச்சத்தால் வந்த மௌனம். நோய் இவ்வாறு மறைக்கப்படுதலால் முற்றுகின்றது. முற்றிய நோய் சிலரது உயிரையே கொண்டுபோகின்றது. ஆதலின் மனச்சோர்வு என்னும் நோயினையும் அதன் வகைகளையும் இன்று எடுத்துரைக்கப் புகுந்தோம்.

துயரம் வேறு, நோய் வேறு என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்தார். பிறரால் இகழப்படுதலும், உற்றாரையும் உடைமையையும் இழத்தலும், பண்டை நிலையினின்றும் தாழ்தலும், நல்குரவும் யார்க்கும் கண்ணீர் வருவிப்பனவே. இவற்றாற் பிறந்த துயரம் நாள் செல்லச் செல்லத் தணியும். இடையிடையே பேரக்குழந்தையின் மழலை கேட்டு முகம் மலரும். மனச்சோர்வு நோயோ அவ்வாறு தணிவதன்று. காரணம் பற்றியும் வரும். காரணம் ஒன்றும் இன்றியும் வரும்.

இதன் குறிகள் இவை: நாள் முழுதும் மனம் கவிந்திருத்தல், முன் விரும்பியவற்றில் விருப்பறுதல், உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், பசி மாறுதல், ஓயாத அயர்ச்சி, சொல்லும் நடையும் தளர்தல் அல்லது ஓரிடத்து இருப்புக்கொள்ளாமை, கருத்தூன்ற இயலாமை, 'யான் எதற்கும் உதவேன்' என்னும் குற்ற உணர்வு, சாவினை நினைத்தல். இவ்வொன்பதனுள், முதலிரண்டில் ஒன்றேனும் உட்பட ஐந்து குறிகள் இரண்டு வாரம் இடைவிடாது நின்று, அன்றாடக் கடமைகளையும் கெடுக்குமாயின், அதனைப் பெருஞ்சோர்வு எனத் தற்கால மருத்துவர் துணிவர். இதுவே முதல் வகை.

இரண்டாவது, நெடுஞ்சோர்வு. இது கடுமையிற் குறைந்தது. ஆயின் இரண்டாண்டு, அதற்கு மேலும் நீடிப்பது. இந்நோயுடையார் கடைக்குச் செல்வர், அலுவல் பார்ப்பர், விருந்துக்கும் வருவர். 'அவன் பிறவியிலேயே சிடுமூஞ்சி' என்று ஊரார் முடிவு கட்டிவிடுதலின், மருத்துவரிடம் செல்லவேண்டும் என்னும் எண்ணமே அவர்க்குத் தோன்றுவதில்லை.

மூன்றாவது, இருமுனை நோயின் ஒரு முனையாக வருஞ் சோர்வு. சில காலம் சோர்ந்து கிடப்பவர், வேறு சில காலம் உறக்கமின்றியும் களைப்பின்றியும் பெருந்திட்டம் பல பேசி, பொருளை வாரி இறைப்பர். இக்கிளர்ச்சியை வீட்டார் நலமெனக் கருதி மருத்துவரிடம் சொல்லாது விடுதல் பெரும் பிழை. இவர்க்குச் சோர்வுக்குரிய மருந்தினை மட்டும் கொடுப்பின் கிளர்ச்சி மிகுதலும் உண்டு. இந்நோய்க்கு லித்தியம் பயன்படும் என்பதனை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் வெளியிட்டார். இன்றும் அது இரத்தச் சோதனையோடு கொடுக்கப்படுகின்றது.

நான்காவது, மகப்பேற்றினை ஒட்டி வருவது. பேறு கழிந்த சில நாட்களில் பெண்கள் காரணமின்றிக் கண்ணீர் விடுதல் இயல்பு. அது இரண்டு வாரத்துள் தானே நீங்கும். நீங்காது நின்று, குழந்தையின்மேலும் பற்றின்றிப் போமாயின் அது நோயாகும். 'பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பாள்' என்று தாய்வீட்டார் வாளா இருத்தலும், 'பிள்ளையைத் தூக்க மாட்டாதவள்' என்று மாமியார் வீட்டார் பழித்தலும் ஒருங்கே தீது. அவள் பிறர்க்குக் கேளாத குரல் கேட்பதாகவோ, குழந்தைக்குத் தீங்கு வருமென்று பொருந்தாதன கூறியோ இருப்பின், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

ஐந்தாவது, மயக்கவுணர்வொடு கூடிய கடுஞ்சோர்வு. வசதியுடையவரே 'குடி முழுகிற்று, சோற்றுக்கும் வழியில்லை' என்பர். பிழையொன்றும் செய்யாதவரே தம்மைப் பெரும் பாவியென்பர். எத்துணைச் சான்று காட்டினும் தெளியார். ஆறாவது, பருவம்பற்றி வருவது. வெயில் மிக்க நம் மதுரைச் சீமையில் இதனைப் பெரிதும் காண்டலரிது. பகல் குறுகிய குளிர்காலத்து வடநாடுகளிற் குடியேறிய நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நன்று.

இனி, வயதுபற்றி இந்நோய் கோலம் மாறுதலும் உண்டு. மாணாக்கரிடத்து இஃது அழுகையாகத் தோன்றாது எரிச்சலாகவும் சினமாகவும் தோன்றும். 'திமிர்' என்று நாம் அதற்குப் பெயரிட்டுத் தண்டிக்கின்றோம். முதியோரிடத்து உடல்வலியாகவும் மறதியாகவும் தோன்றும். தைராய்டு குறைபாடு, இரத்தச் சோகை முதலிய உடற்குறைகளும் சோர்வினை விளைக்குமாதலின், உடலையும் சோதித்தல் இன்றியமையாதது.

இந்நோய் அரிதெனக் கருதற்க. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழ்நாடு உட்படப் பன்னிரு மாநிலங்களில் 2015-16-இல் நிகழ்த்திய ஆய்வின்படி, இருபதின்மருள் ஒருவர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு வருகின்றது. அவருள் மருத்துவம் பெறாதாரே மிகப் பலர். இம்மண்டபத்து வரிசைக்கு ஒருவரோ இருவரோ எனக் கணக்கிட்டுக்கொள்க.

நம்மவர் இத்தகையாரைப் பாண்டிகோயிலுக்கும் குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் அழைத்துச் செல்லுதல் நெடுநாள் வழக்கம். தெய்வத்தை வேண்டுதலை யாம் குறை கூறோம். வேண்டுதலோடு நின்று மருந்தினை விலக்குதலையே குறை கூறுகின்றோம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் வைகறையில், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்த தனியார் விடுதியொன்றின் கொட்டகையில் தீப்பற்றிற்று. ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவரும் ஒருவர்க்கு மகனும் ஒருவர்க்கு மகளுமாகவே பிறந்தவர். 'ஊரறியாமல் இருக்கட்டும்' என்று மனநோயாளரைத் தொலைவிற் கொண்டுவிடும் வழக்கம் எத்துணைக் கொடிதென்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா. பின்னர் அவ்வேர்வாடியிலேயே வேண்டுதலோடு மருந்தும் அளிக்கும் திட்டத்தினை அரசு ஏற்படுத்திற்று.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. நோயாளரைச் சங்கிலியிடுதலை அது தடுக்கின்றது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொண்டு, தண்டியாது, அவர்க்கு மருத்துவம் அளித்தல் அரசின் கடமை என்கின்றது. ஆதலின் வழக்கு வருமென்று அஞ்சி மறைத்தல் வேண்டா.

திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருப்போன் என நான்கு உறுப்புக் கூறினார். மருத்துவர் நமக்கு அணிமையிலேயே உளர். வைகையின் வடபால் நம் பெரியாஸ்பத்திரியாகிய அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசி உதவி கட்டணமின்றிக் கிடைக்கின்றது. மருந்தினைப் பொறுத்தவரை மூன்று செய்திகளை நினைவிற் கொள்க: அது பயன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலர்க்கு அதனினும் மிகுதியாகச் செல்லும், குணமாயினும் மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் ஆறு திங்களுக்குக் குறையாமல், உட்கொள்ளல் வேண்டும், தானே திடீரென நிறுத்தலாகாது. இலேசான சோர்வுக்கு முறைப்படி அமைந்த உரையாடல் மருத்துவமே போதியதாதலும் உண்டு.

எஞ்சிய உறுப்பு, உடனிருப்போன். அவ்வுறுப்பு நாமே. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்பது அறிவுரையாகாது. காலொடிந்தானை ஓடச் சொல்லுதலை ஒக்கும். அருகிருந்து கேட்டலும், மருந்தினை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தலும், மருத்துவரிடம் துணைசெல்லுதலுமே உதவி. சாவினைப்பற்றி ஒருவர் பேசின் அதனை விளையாட்டென்று தள்ளற்க. 'அவ்வெண்ணம் உண்டோ?' என நேரே வினவுதலால் எண்ணம் வளராது, பாரம் குறையும். அவரைத் தனியே விடாது, உயிர்க்குக் கேடு விளைப்பனவற்றைக் கைக்கெட்டாமல் அகற்றி, அன்றே மருத்துவரிடம் சேர்க்க. தேர்வில் தவறிய பிள்ளைக்கு ஓராண்டு வீணாகாமல் துணைத்தேர்வு உண்டு; போன உயிர்க்கு அத்தகைய வாய்ப்பில்லை.

முடிவாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். திருமணப் பேச்சில் நீரிழிவுக்கு மருந்துண்பவரை நாம் ஒதுக்குவதில்லை. மனச்சோர்வுக்கு மருந்துண்டு நலமாக வாழ்பவரையும் ஒதுக்கோம் என்று நம் குடும்பங்கள் உறுதி கொள்ளட்டும். அவ்வுறுதி பிறப்பின், இன்று கதவடைத்துக் கிடக்கும் வீடுகள் பல திறக்கும்.