வாயிலில் ஓர் எழுத்து



தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் நாம் காண்பது துடைத்த மேசையை. அடுக்களையைக் கண்டு வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்கு அவ்வதிகாரத்தை அளித்துள்ளது. நீர் தூயதா, கைகழுவும் இடத்திற் சவர்க்காரம் உண்டா, எலியும் கரப்பானும் நடமாடுகின்றனவா என்று பார்த்து அவர் எழுதுகிறார்.

அவ்வாறு எழுதியது உண்பவர் கண்ணிற் படாவிடின் அதன் பயன் பாதியே. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்சில் 1998இல் ஒரு முறை தொடங்கிற்று. பரிசோதனையில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் பெற்ற கடை, ‘ஏ’ என்னும் எழுத்தை வாயிலிலே காட்டும். குறைவாகப் பெற்ற கடையும் தன் எழுத்தை மறைத்தலாகாது.

ஆயினும் அவ்வெழுத்து ஒரு நாளின் சாட்சியே. சோற்றிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் மடிவதில்லை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் சோறு நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மீண்டும் சூடாக்கினும் அந்நஞ்சு நீங்காது. காலையில் வந்த பரிசோதகர் மாலைப் பானையைக் காண்பாரோ?

ஆகவே, சோறு எப்போது வடித்தது என்று வினவத் தயங்காதீர்கள். நாணயமான கடைக்காரர் அவ்வினாவுக்கு முகஞ்சுளிக்கமாட்டார். பரிசோதகர் வராத நாட்களில் அடுக்களையைக் காப்பது அவ்வினாவே.